ஹேண்டில் வெளியே, ஸ்பார்க் உள்ளே: இரண்டு விபத்துகளைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

"செல்ஃப் எடுக்கல அண்ணே." காலையில் கடையைத் திறந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஆல்டர்னேட்டர் வேலை பார்க்கும் கடை என்னுடையது. வருகிறவர் யாரும் 'ஸ்டார்ட்டர் மோட்டார்' என்று சொல்வதில்லை. செல்ஃப்தான். தானாகவே கிளப்பிக்கொள்ளும் கருவி என்ற பொருளில் வைத்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற பெயரில் பின்பாதி உதிர்ந்துவிட்டது, முன்பாதி நம் ஊர்ப் பேச்சில் நிலைத்துவிட்டது. அது வருவதற்கு முன்னால் எஞ்ஜினைச் சுற்றியது மனிதக் கை.

அந்தக் கையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு விபத்துகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது. மோட்டார் வரலாற்றில் அடிக்கடி வரும் கதை, ஆனால் அதைச் சொல்கிறவர்கள் தேதியைச் சரிபார்ப்பதில்லை. இன்னொன்று 1986 மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் என் கண் முன்னால் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழி தவறான ஆளின் மேல் விழுந்திருப்பது தெரிகிறது.

வாசலில் நடந்தது

அப்பா டாக்சி ஓட்டினார். அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. அன்று விடிகாலை ரயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம்தான் வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து வந்திருந்தது. பிக்கப் குறைகிறது என்று அப்பா சொல்லியிருந்ததால் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்கள். அன்று மாலையே செல்ஃப் அடித்தபோது எஞ்ஜின் ஒரே சீராகச் சுற்றாமல் முட்டி முட்டி நின்றது. அப்பா அதைக் கவனித்தார், ஆனால் பேட்டரி வீக் என்று நினைத்துக்கொண்டார். பழைய பேட்டரிதான், அப்படி நினைத்ததில் தப்பில்லை. நாலைந்து தடவை முட்டியதில் பேட்டரி உண்மையிலேயே இறங்கிவிட்டது.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா டிக்கியிலிருந்து, எஞ்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை எடுத்தார். பம்பரில் இருக்கும் துளை வழியாக விட்டு, கிராங்க் (எஞ்ஜினின் சுழலும் தண்டு) புல்லி நட்டில் மாட்டினார். எனக்குப் பதினொரு வயது. வழக்கம்போல என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். என் வேலை இரண்டு: சோக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும், அவர் சொல்லும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்க வேண்டும். கால் எட்டாது, சீட்டின் நுனியில் நின்றுகொண்டேதான் மிதிப்பேன்.

ஹேண்டில் போடுவதற்கு அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோரிடமும் இருந்தது. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், பிடியைச் சுற்றி மடக்கக் கூடாது. ஹேண்டிலைக் கீழே வைத்து, அங்கிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. மேலே இழுக்கும்போது எஞ்ஜின் ரிவர்ஸ் அடித்தால், அதாவது பின்பக்கமாகத் திரும்பினால், ஹேண்டில் விரல்களைப் பிரித்துக்கொண்டு கீழே ஓடிவிடும். கீழே அழுத்தும்போது ரிவர்ஸ் அடித்தால் அது நேராக உள்ளங்கைக்கு வரும், உடம்பின் முழு எடையும் அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும்.

அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு தடவை முறையாக மேலே இழுத்துப் பார்த்தார், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, வேகம் பிடிக்கட்டும் என்று முழுச் சுற்றாகச் சுற்ற ஆரம்பித்தார். நான் மிதித்தேன். எஞ்ஜினிலிருந்து ஒரு சத்தம், வெளியிலிருந்து இன்னொரு சத்தம். அப்பா கத்தவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பம்பர் மேல் உட்கார்ந்தார். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, எலும்பு விட்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பெரியவர்கள் கூடி இரண்டு முடிவுக்கு வந்தார்கள். ஒன்று, அவர் கையைச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு, பையன் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துவிட்டான். இரண்டாவதை என் முன்னால் யாரும் சொல்லவில்லை, ஆனால் என் காதில் விழுந்தது. ஒன்றரை மாதம் அப்பா கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

எஞ்ஜின் ஏன் திருப்பி அடிக்கிறது

எலும்பு முறிய இரண்டு காரியம் ஒன்றாகச் சேர வேண்டும். ஸ்பார்க் சீக்கிரம் விழ வேண்டும். ஹேண்டில் கழன்றுகொள்ளாமல் இருக்க வேண்டும்.

முதலில் ஹேண்டில். கிராங்க் புல்லியின் நட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் முகத்தில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லின் ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. ஹேண்டிலின் நுனியில் குறுக்கே இருக்கும் முள், செங்குத்துப் பக்கத்தில் முட்டிக்கொண்டு எஞ்ஜினைச் சுற்றும். எஞ்ஜின் எடுத்துக்கொண்டு கையை விட வேகமாக ஓடத் தொடங்கியதும், சரிவுப் பக்கம் முள்ளை வெளியே தள்ளிவிடும். ஹேண்டில் தானாகக் கழன்று கையில் நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் எஞ்ஜின் பின்பக்கமாகச் சுற்றினால் செங்குத்துப் பக்கமே முள்ளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், கழலாது. ஆக, எஞ்ஜின் நல்லபடியாக ஓடும்போது ஹேண்டில் கையைக் காப்பாற்றுகிறது, எதிராக ஓடும்போது கையோடு பூட்டிக்கொள்கிறது.

அடுத்தது ஸ்பார்க். பிஸ்டன் மேலே ஏறிப் பெட்ரோல் கலவையை அழுத்தும்போது, அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக்கில் பொறி விழும்படி வைக்கிறார்கள். கலவை முழுதும் எரியச் சில மில்லி நொடி ஆகும் என்பதால்தான் இந்த முன்கூட்டல். கணக்கு எளிது. எஞ்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது கிராங்க் ஒரு மில்லி நொடியில் 12 டிகிரி திரும்புகிறது. எரிய மூன்று மில்லி நொடி என்று வைத்தால் அதற்குள் 36 டிகிரி கடந்துவிடும். உச்சிக்கு 20 டிகிரி முன்னால் பொறி விழுந்தாலும், நெருப்பு முழு பலத்துக்கு வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கும். சரியான இடம்.

அதே எஞ்ஜினைக் கையால் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றுகிறோம் என்று வையுங்கள். அதே மூன்று மில்லி நொடியில் கிராங்க் ஒரு டிகிரிதான் திரும்பும். 20 டிகிரி முன்னால் விழுந்த பொறி, பிஸ்டன் இன்னும் 19 டிகிரி ஏற வேண்டியிருக்கும்போதே எல்லாவற்றையும் எரித்து முடித்துவிடும். ஏறி வரும் பிஸ்டனைக் கீழே தள்ளும். கிராங்க் பின்னால் திரும்பும். ஹேண்டில் பூட்டிக்கொள்ளும். மிச்சம் மணிக்கட்டில்.

பழைய கார்களில் இதற்காகவே ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லிவர் இருந்தது. வண்டியைக் கிளப்பும் முன் அதைத் தள்ளி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும். ஓடத் தொடங்கியதும் மெல்ல முன்னால் கொண்டுவர வேண்டும். ஃபோர்டு மாடல் டி-யில் அது ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், மேலே தள்ளினால் தாமதம். அம்பாசடர் காலத்துக்குள் அந்த லிவர் போய்விட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளும், எஞ்ஜின் உறிஞ்சும் வேக்குவமும் வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கைத் தாங்களே முன்னால் நகர்த்தும். கையால் சுற்றும் வேகத்தில் அந்த எடைகள் விரிவதே இல்லை, வேக்குவமும் பேருக்குத்தான். ஆகவே அடிப்படை டைமிங் சரியாக இருந்தால் ரிவர்ஸ் அடிக்க வாய்ப்பு குறைவு. அடிப்படையையே தள்ளி வைத்துவிட்டால் எடையும் வேக்குவமும் காப்பாற்றாது.

மாவுக்கட்டு பிரித்த வாரம் அப்பா இதைத்தான் சோதித்துப் பார்த்தார். ஹேண்டிலை மெல்லத் திருப்பி, முதல் சிலிண்டர் பிஸ்டனைப் புல்லியின் குறிக்கு நேராகக் கொண்டுவரச் சொன்னார், நான்தான் திருப்பினேன். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட்டில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். பாயிண்ட் திறக்கும்போதுதான் ஸ்பார்க் விழும், அப்போது பல்ப் எரியும். குறிக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய பல்ப் குறிக்கு வெகு முன்னாலேயே எரிந்தது. இரண்டாம் முறை திருப்பினோம், அதே இடம். அப்பா டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "நீ மிதிச்சதுல இல்லடா தம்பி. நீ எவ்வளவு மிதிச்சாலும் இந்த பல்ப் நகராது." நான் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வந்ததற்குக் காரணம் கேட்டால் அந்த பல்பைத்தான் சொல்வேன்.

ஒர்க்ஷாப்பில் யாரிடமும் அவர் சண்டை போடவில்லை. டைமிங்கைக் காதால் வைத்துப் பழகிய காலம் அது. எஞ்ஜின் ஓடும்போது கேட்க நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். ஓடும்போது நன்றாக இருப்பது கிளப்பும்போது கையை உடைக்கலாம் என்பது, ஓடும் எஞ்ஜினின் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

டெட்ராய்ட் பாலம்

இப்போது பெரிய கதை. டெட்ராய்ட் ஆற்றின் நடுவில் பெல் ஐல் என்ற தீவு, அது நகரத்துப் பூங்கா. அதற்குப் போகும் பாலத்தில் ஒரு குளிர்காலத்தில் ஒரு பெண்ணின் காடிலாக் கார் நின்றுபோகிறது. அந்த வழியாக வந்த பைரன் கார்ட்டர் இறங்கி உதவப் போகிறார். ஹேண்டிலைச் சுற்றுகிறார். ரிவர்ஸ் அடித்து ஹேண்டில் அவர் தாடையை உடைக்கிறது. காயம் ஆறாமல் நிமோனியாவும் சேர்ந்து இறந்துபோகிறார். கார்ட்டர் காடிலாக் தலைவர் ஹென்றி லீலண்டின் நண்பர். தன் கார் நண்பரைக் கொன்றுவிட்டதே என்று மனம் உடைந்த லீலண்ட், இனி எங்கள் வண்டியில் ஹேண்டிலே கூடாது என்று முடிவெடுக்கிறார். சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்ஜினியர் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்து தருகிறார்.

(லீலண்ட் என்றதும் நம் அசோக் லேலண்ட் நினைவுக்கு வரும். சம்பந்தமில்லை. அது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் இருக்கும் ஓர் ஊரின் பெயர், இது ஆள் பெயர்.)

கார்ட்டர் சாதாரண வழிப்போக்கர் இல்லை. 1863-இல் மிச்சிகனில் பிறந்தவர், ஜாக்ஸன் நகரத்தில் கார் கட்டியவர். பல்சக்கரங்களுக்குப் பதிலாக உராய்வு வட்டுகளால் வேகத்தை மாற்றும் கார்ட்டர்கார் அவருடைய படைப்பு. ஹேண்டில் போடத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, கதையைச் சொல்கிறவர்களில் பலர் பழியைக் காருக்குள் இருந்த பெண்ணின் மேல் போடுகிறார்கள்: அவள் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த மறந்துவிட்டாள் என்று. கார்ட்டரின் பெயர் தெரியும், லீலண்டின் பெயர் தெரியும். கதை முழுதும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது, குற்றம் மட்டும் உண்டு.

தேதியைப் பார்ப்போம். பரவலாகச் சொல்லப்படும் கதையில் இது 1910 குளிர்காலம். செல்ஃப் ஸ்டார்ட்டர் பொருத்திய கார் லீலண்ட் கைக்கு வந்தது 1911 பிப்ரவரி. இப்படி அடுக்கினால் துயரமும் தீர்வும் சில மாதங்களுக்குள் வந்து கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பைரன் கார்ட்டர் இறந்தது 1908 ஏப்ரலில். 1910 குளிர்காலத்தில் அவர் எந்தப் பாலத்திலும் வண்டியை நிறுத்தியிருக்க முடியாது. அவருடைய கார்ட்டர்கார் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய 1909-இலேயே அவர் உயிருடன் இல்லை. சாட்சிக்குப் பாலமும் இல்லை: அன்றிருந்த பாலம் 1915-இல் தீப்பிடித்து எரிந்துவிட்டது.

இதை வைத்துக் கதையே பொய் என்று தூக்கிப் போட நான் தயாரில்லை. லீலண்டின் மனதில் ஹேண்டில் விபத்துகள் உறுத்திக்கொண்டிருந்தன என்பதை நம்பக் கார்ட்டரின் மரணம் ஒன்றே தேவை என்றில்லை. அந்தக் காலத்தில் மணிக்கட்டு முறிவு டிரைவர்களின் தொழில் வியாதியாகவே இருந்தது. ஆர எலும்பின் நுனி, கட்டைவிரல் பக்கம் உடைவதற்கு மருத்துவத்தில் இன்றைக்கும் 'ஷோஃபர் முறிவு' என்றுதான் பெயர். ஷோஃபர் என்றால் டிரைவர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் எலும்பு மருத்துவப் பாடத்தில் அந்தப் பெயர் நிற்கிறது. என் அப்பாவுக்கு உடைந்ததும் அதே இடம். ஒரு நண்பர் சாகாமலேயே லீலண்ட் இந்த முடிவுக்கு வந்திருக்கக் காரணங்கள் தெருவெல்லாம் கட்டுப் போட்ட கையோடு நடமாடிக்கொண்டிருந்தன.

எனக்குத் தேதியை விட முக்கியமாகப் படுவது வேறு. கதை உண்மையோ பாதி உண்மையோ, அதன் அமைப்பைப் பாருங்கள். ஸ்பார்க் லிவர் காருக்குள், ஸ்டீயரிங் அருகில். ஹேண்டில் காருக்கு வெளியே, ரேடியேட்டருக்குக் கீழே. உள்ளே இருப்பவர் லிவரை எங்கே வைத்திருக்கிறார் என்று வெளியே குனிந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியே இருப்பவர் என்ன வேகத்தில் சுற்றுகிறார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஒருவர் வைத்த லிவருக்கு இன்னொருவர் எலும்பு பதில் சொல்ல வேண்டும். எங்கள் வாசலில் இது இன்னும் ஒரு படி தள்ளி நடந்தது: டைமிங்கை வைத்தவர் ஊருக்கு இன்னொரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார், காருக்குள் இருந்தது நான், ஹேண்டிலில் அப்பா. இப்படி மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கும் வேலையில் விபத்து நடந்தால், கண்ணுக்குத் தெரிகிற ஆளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் பெண், ஒரு இடத்தில் பிள்ளை.

கெட்டரிங் போட்ட கணக்கு

மின் மோட்டாரால் எஞ்ஜினைச் சுற்றலாம் என்ற யோசனை கெட்டரிங்குடையது மட்டும் அல்ல. கிளைட் கோல்மன் என்பவர் 1903-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அழுத்திய காற்றாலும் அசெட்டிலின் வாயுவாலும் கிளப்பும் முயற்சிகளும் நடந்தன. மின் மோட்டார் வழியில் தடையாக நின்றது அளவு. காரின் எஞ்ஜினைச் சுற்றும் அளவுக்கு பலமான மோட்டார் என்றால் அதுவும் எஞ்ஜின் அளவுக்கு வரும், பேட்டரி அதைவிடப் பெரிதாகும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் காலத்து மோட்டார் கணக்கில் அது தப்பும் இல்லை.

கெட்டரிங் வந்தது வேறு பக்கத்திலிருந்து. ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரத்தில், கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கையால் இயக்கிய கல்லாவை மோட்டாரால் இயக்க வைத்தார். கல்லாவின் மோட்டார் நாள் முழுதும் ஓடுவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி முழு பலத்தோடு இழுத்துவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுதும் தாங்க வேண்டிய மோட்டார் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சில நொடி மட்டும் வேலை செய்யப்போகிற மோட்டாரில் அதன் சக்திக்கு மீறிய மின்னோட்டத்தைப் பாய்ச்சலாம். அது சூடாகி எரிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இந்த ஒரு எண்ணத்தைத்தான் அவர் காருக்குக் கொண்டுவந்தார். 1909-இல் எட்வர்ட் டீட்ஸ் என்ற கூட்டாளியோடு டெல்கோ கம்பெனியைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக் களஞ்சியக் கொட்டகைதான் ஒர்க்ஷாப். அங்கே செய்த கருவி மோட்டாராகவும் டைனமோவாகவும் ஒன்றே. கிளப்பும்போது பல்சக்கரம் வழியாக, எஞ்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றும், எஞ்ஜின் எடுத்துக்கொண்டதும் எஞ்ஜினாலேயே சுற்றப்பட்டு பேட்டரிக்கு மின்சாரம் தரும். கிளப்ப 24 வோல்ட், சார்ஜுக்கு 6 வோல்ட். பேட்டரிகளை வரிசையாகவும் இணையாகவும் மாற்றி மாற்றிக் கோக்கும் சுவிட்ச் உள்ளேயே இருந்தது. 1912 மாடல் காடிலாக்கில் இது விற்பனைக்கு வந்தது. மின் விளக்கும் இக்னிஷனும் அதே ஏற்பாட்டில் சேர்ந்து வந்தன. பிரிட்டனில் காடிலாக்குக்கு இரண்டாவது முறையாக மோட்டார் துறைச் சாதனைக்கான டியூவர் கோப்பை கிடைத்தது இதற்காகத்தான். முதல் முறை 1908-இல், மூன்று கார்களைப் பிரித்து உதிரிகளைக் கலந்து திரும்பக் கோத்து ஓட்டிக் காட்டியதற்கு.

கெட்டரிங்கின் கணக்கை நான் தினமும் கையில் தொடுகிறேன். சாவியைத் திருப்பி அரை நிமிடம் பிடித்துக்கொண்டே இருக்கிறவர்களின் செல்ஃப் என் மேசைக்கு வரும். மூடியைக் கழற்றியதும் ஒரு வாடை அடிக்கும். வார்னிஷ் எரிந்து, அதோடு கார்பன் பொடி கலந்த வாடை. ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் செம்பு நிறத்தில் இருக்காது, நீலமும் கறுப்பும் ஓடியிருக்கும். கம்யூட்டேட்டர் பக்கம் சாலிடர் உருகிச் சுற்றிலும் சிறு மணிகளாகத் தெறித்திருக்கும். சில நொடி மட்டும் என்று ஒப்புக்கொண்டு செய்யப்பட்ட மோட்டாரிடம் அந்த ஒப்பந்தத்தை மீறியதன் தடயம் அது. பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், எடுக்கவில்லை என்றால் அரை நிமிடம் விட்டு அடுத்த தடவை அடியுங்கள் என்று சொன்னால், சூடு ஆறவா என்று கேட்பார்கள். ஆமாம். மோட்டாரும் ஆற வேண்டும், பேட்டரியும் மூச்சு வாங்க வேண்டும்.

செல்ஃப் வந்ததில் உழைப்பு குறைந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், பிரிந்து கிடந்த வேலை ஒரே இடத்துக்கு வந்தது. லிவரை வைப்பவரும் எஞ்ஜினைச் சுற்றுபவரும் ஒரே ஆள், ஒரே சீட். எஞ்ஜின் ரிவர்ஸ் அடித்தாலும் அடி வாங்குவது பல்சக்கரம். அப்படி உடைந்த பெண்டிக்ஸ் (செல்ஃபின் பல்சக்கரப் பகுதி) எத்தனையோ பார்த்திருக்கிறேன். உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது

ஹேண்டில் இல்லாமலும் செல்ஃப் இல்லாமலும் மூன்றாவது வழி ஒன்று உண்டு, நமக்கு நன்றாகப் பழக்கமானது. சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, செகண்ட் கியர் போட்டு, நாலு பேர் தள்ள, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டால் சக்கரம் எஞ்ஜினைச் சுற்றும். எடுத்ததும் கிளட்சை மறுபடி மிதித்துவிட வேண்டும். ஃபர்ஸ்ட் கியர் வேண்டாம், சக்கரம் இழுபட்டு நின்றுவிடும். இங்கே ரிவர்ஸ் அடித்தாலும் பயமில்லை, உருளும் வண்டியின் மொத்த எடையும் எஞ்ஜினை முன்னால்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதிலும் ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. தள்ள ஆள் இல்லாமல் மலைச்சரிவில் உருட்டி எடுக்கப் பார்ப்பவர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: எஞ்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இருக்காது. மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாக இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். எடுக்காமல் போனால் எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் சரிவில் விட வேண்டும். இன்றைய பெட்ரோல் வண்டிகளில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் தள்ளியும் பலனில்லை. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும், ஆல்டர்னேட்டரும் முதலில் பேட்டரியிடம்தான் கடன் வாங்கித் தொடங்குகிறது. பழைய டைனமோ அப்படியில்லை, அதன் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்தே மின்சாரத்தைத் தொடங்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தள்ளினால் எடுக்காது, தள்ளிப் பார்க்கவே வேண்டாம்.

செல்ஃப் வந்த பிறகும் நின்ற ஹேண்டில்

1912-இல் செல்ஃப் வந்ததும் ஹேண்டில் ஓய்ந்துவிடவில்லை. மாடல் டி-யில் ஃபோர்டு மின் ஸ்டார்ட்டரைக் கொடுக்க ஆரம்பித்தது 1919-இல்தான். அதுவரை லட்சக்கணக்கானவர்கள் ரேடியேட்டர் முன்னால் குனிந்துகொண்டிருந்தார்கள். குளிர்நாளில் எண்ணெய் கெட்டியாகி கிளட்ச் முழுதும் விடுபடாததால், எடுத்த உடனே மாடல் டி மெல்ல முன்னால் நகரும், ஹேண்டிலைப் பிடித்திருப்பவரை நோக்கி. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுச் சுற்றுவார்களாம். பிரான்ஸின் சிட்ரோயன் 2சிவி காரில் 1990-இல் உற்பத்தி நிற்கும்வரை ஹேண்டில் போட வசதி இருந்தது. நமக்கு அம்பாசடர், பத்மினி.

வயலில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன நடவுக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பவர் டில்லரோடு வந்தார். டீசல் எஞ்ஜின், ஹேண்டில் போட்டு எடுப்பது. செல்ஃப் மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார், கட்டைவிரல் பக்கம் வீங்கியிருந்தது.

அந்த எஞ்ஜினில் வால்வைத் திறந்து வைத்து அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன லிவர் ஒன்று உண்டு. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, வேகம் நிறைந்ததும் லிவரை விட வேண்டும். ஃபிளைவீலின் வேகமே பிஸ்டனை உச்சியைத் தாண்ட வைத்துவிடும். இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும், லிவரும் ஹேண்டிலும் ஒரே ஆளின் இரண்டு கையில் இருக்கின்றன. அவருக்கு என்ன ஆனது என்று விசாரித்தேன். அன்று அவர் ஹேண்டிலை இரண்டு கையாலும் சுற்றியிருக்கிறார், லிவரை விட்டது அவர் மகன். அவன் ஒரு சுற்று முன்னாலேயே விட்டுவிட்டான்.

பையனும் கூட வந்திருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும், அப்பா முகத்தைப் பார்க்காமல் டில்லரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்ஃப் மாட்ட ஒரு நாள் ஆகும், ஃபிளைவீலில் ரிங் கியர் ஏற்ற வேண்டும் என்றேன். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, மூன்று நாலு தடவை ஹேண்டிலைச் சுற்ற வைத்து, டீசலை அடைத்துவிட்டு, லிவரை எந்த வேகத்தில் விட்டால் எஞ்ஜின் தாண்டுகிறது, எந்த வேகத்தில் விட்டால் முட்டி நிற்கிறது என்று காட்டினேன். வெளியே நிற்பவனுக்கு அந்த வேகம் கண்ணால் தெரியாது, சுற்றும் கைக்குத்தான் தெரியும். இரண்டு தடவை முட்டியதும் அவனே சொன்னான்: "சுத்துறவங்கதான் அண்ணே லிவரையும் விடணும்." அவன் அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.